மாப்பிள்ளை வாட்ச்

என்னிடம் ஒரு வாட்ச் இருந்தது. நான் அதைக் கட்டிய நாட்களைக் கூட்டினால் மூன்று மாதம் தேறாது. எங்கள் தெருவில் கல்யாணம் முடித்த ஆண்களில் பாதிப் பேர் அதைக் கட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று நாள். அதனால் அதற்கு மாப்பிள்ளை வாட்ச் என்று பெயர்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஊர் ஆவூர். குவைத்தில் ஒரே வீட்டில் பதினெட்டு வருஷம் கார் ஓட்டினேன். கார் ஓட்டுவது என்றால் பாதி நேரம் ஓட்டுவது, மீதி நேரம் காத்திருப்பது. காத்திருக்கிற வேலையில் பேச்சு குறைந்துவிடும். எனக்கும் குறைந்துவிட்டது. ஊருக்கு வந்த பிறகும் திரும்பி வரவில்லை.

வாட்ச் வந்த கதை சின்னது. முதலாளியின் மனைவிக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் இரண்டு நாள் வாசலில் காரிலேயே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் முதலாளி வெளியே வந்தார். எப்போதும் பின்னால் உட்காருகிறவர் அன்று முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையிலிருந்து வாட்சைக் கழற்றி என் மடியில் வைத்தார். வீட்டுக்கு ஓட்டச் சொன்னார். அந்த அம்மா இறந்துவிட்டதை வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். வாட்ச் அந்த அம்மா அவருக்கு வாங்கிக் கொடுத்தது என்று சமையல்காரர் பிறகு சொன்னார். நான் திருப்பிக் கொடுக்கப் போனேன். முதலாளி கையை ஆட்டி வேண்டாம் என்றார். அதன் பிறகு அவர் அந்த வாட்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. என் கையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் நான் அங்கே கட்டுவதில்லை. பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஸ்டீல் வாட்ச். கறுப்பு முகம். கனம் அதிகம். பேட்டரி கிடையாது. சாவியும் கொடுக்க வேண்டாம். கை அசைந்தால் ஓடும். இரண்டு நாள் சும்மா வைத்தால் நின்றுவிடும்.

அடுத்த லீவில் கட்டிக்கொண்டு வந்தேன். திருச்சி ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரி என் கையைப் பார்த்தார்.

"டூப்ளிகேட்டாய்யா?"

"ஆமாங்க சார்" என்றேன். எனக்கு வேறு என்ன தெரியும்? வெளியே விட்டுவிட்டார்.

அந்த லீவில்தான் என் மச்சினன் கல்யாணம். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. ஒரே தம்பி. ஆவூர் மாதா கோயிலில் காலைப் பூசையோடு திருமணம். பூசைக்கு முன்னால் போட்டோக்காரர் கோயில் வாசலில் அவனை நிறுத்திப் படம் எடுத்தார். ஒரு கையை மடக்கி நெஞ்சுக்கு நேராக வைக்கச் சொன்னார். பிறகு கேமராவை இறக்கிவிட்டார்.

"என்ன மாப்ள, கை மொட்டையா இருக்கு? ஒரு வாட்ச் கெடைக்கலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சினன் முகம் சுருங்கிப் போயிற்று. நான் என் கையிலிருந்ததைக் கழற்றி அவன் கையில் போட்டேன். அவன் ஒல்லி. வாட்ச் முழங்கை வரை ஏறியது. அவன் கைக்குட்டையை நாலாக மடித்து உள்ளே கொடுத்து இறுக்கினான்.

"அத்தான், இப்ப எப்படி இருக்கு?"

"மணி பாக்கத் தெரியுமாடா ஒனக்கு?" என்று போட்டோக்காரர் கேட்டார்.

"ஏன், ஒங்களுக்கு எத்தனை மணிக்குச் சோறு வேணும்?" என்றான் அவன்.

அந்தப் படம் நன்றாக வந்தது. மூன்றாம் நாள் வாட்சை அதே கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

அடுத்த மாதம் தெருவில் இன்னொரு கல்யாணம். நான் குவைத்துக்குப் போய்விட்டேன். வாட்ச் வீட்டில் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு தட்டில் வாழைப்பழமும் சீனியும் ஒரு புதுக் கைக்குட்டையும் வைத்து எடுத்துக்கொண்டு என் மனைவியிடம் வந்திருக்கிறாள். "போட்டோவுல ஒந் தம்பி கை மாதிரியே எம் மகன் கையும் இருக்கணும்த்தா" என்று கேட்டிருக்கிறாள். என் மனைவி கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் கைக்குட்டையில் சுற்றி வந்தது.

அப்படியே வழக்கமாகிவிட்டது. கேட்டு வருவது மாப்பிள்ளையின் அம்மா. தட்டு, பழம், சீனி, கைக்குட்டை. கல்யாணத்துக்கு முந்திய நாள் போகும். மூன்றாம் நாள் வரும். கூடவே கல்யாணப் படத்தில் ஒரு பிரதியும் வரும். யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறவும் இல்லை. வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிற்று. டிராக்டர் ஓட்டுகிறவன் கல்யாணத்துக்கும் போயிற்று. குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்தாள். அவர்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். அவள் தட்டில் மஞ்சளும் இருந்தது. வாட்ச் திரும்பி வந்தபோது சங்கிலிப் பட்டைக்குள் மஞ்சள் ஏறியிருந்தது. நாங்கள் துடைக்கவில்லை. எங்கள் ஆட்கள் கட்டியபோது வந்த சந்தனமும் அதில் இருந்தது.

ஒரு மாப்பிள்ளை மூன்றாம் நாள் வாட்சோடு ஜல்லிக்கட்டுக்குப் போய்விட்டான். நான் அப்போது லீவில் இருந்தேன். சாயங்காலம் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான். பின்னால் அவன் புதுப் பெண்டாட்டி நின்றாள். வாட்சின் ஓரத்தில் ஆழமாக ஒரு கீறல். கொம்பு பட்டது என்றான்.

"மாட்டப் புடிச்சியா?" என்று கேட்டேன்.

"புடிச்சிட்டேண்ணே."

"அப்பச் சரி."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவன் போகும்போது நிமிர்ந்து போனான். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். தெருவில் என்னைப் பார்த்தால் முதலில் வாட்சைத்தான் விசாரிப்பான்.

மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷத்தில் அவனுக்கும் விசா வாங்கிக் கொடுத்தேன். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தண்ணி லாரி ஓட்டினான். வெள்ளிக்கிழமை என் அறைக்கு வருவான். மீன் வாங்கி வருவான். சமைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. முந்திய நாள் லாரியிலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டான். சவப்பெட்டியோடு நான்தான் வந்தேன். அவன் மகனுக்கு அப்போது ஆறு வயது. திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டி வர நேரமாயிற்று. மணி என்ன என்று யாரோ கேட்டார்கள். என் கையில் வாட்ச் இல்லை. வீட்டில் இருந்தது.

அவன் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று வரை கேட்டதில்லை. அவள் கோயில் முனை தாண்டி இரண்டாவது வீட்டில் இருக்கிறாள். தையல் தைத்து மகனைப் படிக்க வைத்தாள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். நல்ல காரியங்களுக்கு வரமாட்டாள். வந்தாலும் பந்தலின் பின்பக்கம் நிற்பாள். வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

நான் குவைத்தை முடித்துக்கொண்டு வந்து பல வருஷம் ஆகிறது. மகள் படித்து வேலைக்குப் போனாள். கீரமங்கலத்தில் கட்டிக் கொடுத்தோம். ஒரு புயலில் அவள் மாமனார் வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டது. தென்னை மரமெல்லாம் சாய்ந்துவிட்டது. அதிலிருந்து அவளுக்கு ஒரு பயம். நாங்கள் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டியதும் போன் போட்டாள்.

"அப்பா, வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடணும்."

"வீடு எங்க போவப் போவுது?"

"அதெல்லாம் பேசாதீங்க. ஏஜெண்ட் வருவாரு. கையெழுத்துப் போடுங்க."

ஏஜெண்ட் புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்தார். இளைஞர். ஒரு வரிக்கு இரண்டு சார் போட்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். பிறகு வீட்டுக்குள் இருக்கிற பொருட்களைக் கேட்டார். டிவி, ஃபிரிட்ஜ், மோட்டார். நகை உண்டா என்றார். என் மனைவி கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"வேற வெல ஒசந்த பொருள் ஏதாவது இருக்கா சார்? தனியா எழுதினாத்தான் பணம் கெடைக்கும்."

மகள் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, அந்த வாட்ச்" என்றாள்.

நான் பீரோவைத் திறந்து எடுத்து வந்தேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எண் இருந்தது. அதைத் தன் போனில் அடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் வாட்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சார், இத திருச்சியில ஒரு பெரிய கடையில காட்டி மதிப்புச் சான்று வாங்கிட்டு வாங்க. பஸ்ஸுல கொண்டு போகாதீங்க."

நான் பஸ்ஸில்தான் கொண்டு போனேன். வேட்டி மடிப்பில் வைத்திருந்தேன். கடைக்காரர் கண்ணில் ஒரு கண்ணாடியைச் செருகிக்கொண்டு பார்த்தார். பின்மூடியைத் திறந்து பார்த்து மூடினார். ஊசியால் சங்கிலிப் பட்டையின் இடுக்கைக் கிளறினார். வெள்ளைக் காகிதத்தில் ஏதோ உதிர்ந்தது.

"என்னங்க இது? சந்தனமா?"

"சந்தனம். கொஞ்சம் மஞ்சளும் இருக்கும்."

"இது அரிசியாட்டம் இருக்கே."

"அட்சதையா இருக்கும்."

"வாட்ச்சா, மணவறையாங்க?" என்றார். பிறகு ஒரு தொகை சொன்னார். கீறல் இல்லாவிட்டால் இன்னும் கூட இருக்குமாம்.

அந்தத் தொகையை நான் இங்கே எழுதவில்லை. குவைத்தில் நான் சம்பாதித்துக் கட்டிய பழைய வீட்டைவிட அதிகம். அவ்வளவு போதும். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்றவன் வயிற்று வலியா என்று கேட்டான்.

வீட்டில் சொன்னேன். மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன வருசமா இதையா அந்தக் கழுதைங்க கையில குடுத்தோம்? ஒருத்தன் மாட்டுக்கிட்டக் கொண்டு போனானே!"

ஏஜெண்ட் மறுபடி வந்தார். சான்று சரி. பில் இல்லை. நான் வாட்ச் கட்டியிருக்கிற பழைய படம் ஒன்று இருந்தால் நல்லது, என்னுடையதுதான் என்று காட்டலாம் என்றார். மனைவி ஒரு டப்பா நிறையப் படம் கொண்டுவந்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோட்டுப் போட்ட கை. சட்டைக் கை. மாலைக்குக் கீழே கை. எல்லாவற்றிலும் அதே வாட்ச்.

"சார், எல்லாம் வேற வேற கை சார்."

"ஆமா."

"ஒங்க கை எங்க சார்?"

தேடினோம். இல்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார். "சார், ஒரு விஷயம். வாட்ச் ஒங்க கையில இருக்கணும். இல்லேன்னா பூட்டின பீரோவுல இருக்கணும். எரவல் குடுத்துத் தொலைஞ்சா கம்பெனி தராது. எரவல் குடுக்கிற பழக்கம் உண்டா?"

"உண்டு."

"சார், அப்படிச் சொன்னா எப்படி சார் நான் எழுதறது?"

போனில் மகள் சொன்னாள். "அப்பா, இதுவரைக்கும் குடுத்தீங்க, சரி. இனிமே குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. பொய் ஒண்ணும் இல்லையே. இனிமே குடுக்காதீங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். விலை தெரிகிற வரைக்கும் வாட்சைப் பற்றி நான் பயந்ததே இல்லை.

"இனிமே இல்லைங்க" என்றேன். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து பெரிதாக இருக்கும். கட்டத்துக்கு வெளியே போகும். அன்றும் போயிற்று.

வாட்ச் பீரோவுக்குள் போயிற்று. சாவி மனைவியின் இடுப்பில். இரண்டு நாளில் வாட்ச் நின்றுவிட்டது. தெருவில் இரண்டு கல்யாணம் வந்தது. இரண்டு அம்மாக்களையும் மனைவியே சமாளித்துவிட்டாள். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாள். அவர்கள் நம்பினார்களா என்று தெரியவில்லை. பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக வந்தது மச்சினன் மனைவி.

அவள் மகனுக்கு நிச்சயமாகியிருந்தது. கல்யாணப் பேச்சு எங்கள் வீட்டில் வைத்துத்தான் நடந்தது. ஆனாலும் வாட்சைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்று காலை பத்து மணி இருக்கும். என் மனைவி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் முன் அறையில் இருந்தேன். மச்சினன் மனைவி வாசலில் நின்றாள். கையில் தட்டு. வாழைப்பழம், சீனி, புதுக் கைக்குட்டை. எவர்சில்வர் தட்டு. அவள் கல்யாணத்துக்கு வந்தது. ஓரத்தில் அவள் புருஷன் பெயர் வெட்டியிருக்கும்.

எங்கள் தெருவில் புருஷனை இழந்தவள் தட்டேந்தி யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவளே வந்திருந்தாள்.

"அண்ணே, அவங்க அப்பா கட்டுனதுல்ல. கேட்டுக்கிட்டே இருக்கான்."

நான் எழுந்து நின்றேன். ரிப்பேர் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் பொய் சொல்ல முடியாது. உள்ளதைச் சொன்னேன்.

"பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டேன்த்தா. வெளிய குடுக்கறதில்லன்னு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் "சரிண்ணே" என்றாள். தட்டைச் சுவர் ஓரம் கீழே வைத்தாள். திரும்பிப் போய்விட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போகத் தோன்றவில்லையா, வேண்டாம் என்று விட்டாளா தெரியாது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டைப் பார்த்தாள். யாருடைய தட்டு என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. இடுப்பிலிருந்து பீரோச் சாவியை எடுத்துத் தட்டில் சீனிக்குப் பக்கத்தில் வைத்தாள். "எந் தம்பி மகனுக்கு இல்லாத வாட்ச் எனக்கு எதுக்கு? நீங்களே பூட்டிக் காவல் இருங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள். அன்றும் மறுநாளும் எனக்குச் சோறு வந்தது. பேச்சு வரவில்லை. நான் பேசாமல் இருப்பது வேறு. அவள் பேசாமல் இருப்பது வேறு.

அந்த இரண்டு நாளும் தட்டு அங்கேயே இருந்தது. எறும்பு வந்தது. நான் பழத்தை எடுத்துச் சாப்பிடவும் இல்லை, தட்டை உள்ளே எடுக்கவும் இல்லை. டப்பாவிலிருந்து மச்சினன் படத்தை எடுத்துப் பார்த்தேன். மடக்கிய கை. வாட்சுக்கு உள்ளே கைக்குட்டை நுனி தெரிகிறது. வாய் சிரிக்கத் தயாராக இருக்கிறது. சோறு எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்டு முடித்த முகம். அந்தக் கையில் வாட்சை நான்தான் போட்டேன். விசாவையும் நான்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை புதுக்கோட்டைக்குப் போனேன். ஏஜெண்ட் ஆபீசில் இருந்தார்.

"வாங்க சார். ஏதாவது சேக்கணுமா?"

"எடுக்கணும்."

"என்ன சார்?"

"வாட்ச்ச எடுத்துருங்க."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சார், மெதுவா ஒண்ணு சொல்றேன். கல்யாணத்துக்குத்தானே? குடுத்துட்டு வாங்கிக்கோங்க. மூணு நாள்ல வந்துரப் போவுது. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கட்டின பிரீமியத்துல அந்தப் பங்கு திரும்பி வருமான்னு தெரியாது சார்."

"வேணாம்."

"தொலைஞ்சா ஒரு பைசா வராது சார்."

"சரி."

அவர் ஒரு தாளைக் கொடுத்தார். இங்கிலீஷில் வேண்டுமானால் தானே எழுதித் தருகிறேன் என்றார். நானே எழுதினேன். நாலு வரிதான். எனக்கு அரை மணி ஆயிற்று.

"ஐயா, என் பாலிசியில் உள்ள கைக்கடிகாரத்தை நீக்கிவிடவும். அது வீட்டில் இருக்கும் பொருள் இல்லை. முன்பு தெரியாமல் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு மட்டும் இருக்கட்டும்."

அவர் படித்தார். மறுபடி படித்தார். "இத்தனை வருசத்துல சேக்கணும்னுதான் சார் எல்லாரும் வந்திருக்காங்க" என்றார். தேதி போட்டு முத்திரை குத்தினார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். வாட்ச் நின்று கிடந்தது. கையில் கட்டிச் சும்மா நடந்தேன். ஓடியது. கோயில் மணி அடித்ததும் மணியைச் சரி பண்ணினேன். தட்டைக் கழுவித் துடைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்குப் போய்ப் புதுப் பழம் வாங்கி வந்தேன். அவளே சீனி கொண்டுவந்து வைத்தாள். கைக்குட்டையை மடித்து அதன் மேல் வாட்சை வைத்தாள்.

"நான் வரவா?" என்றாள். மூன்று நாளில் முதல் பேச்சு.

"வா."

வழக்கப்படி வாட்ச் கொடுக்கிற வீட்டுக்காரர் போவதில்லை. நாங்கள் தட்டோடு தெருவில் போனோம். ஆட்கள் பார்த்தார்கள்.

மச்சினன் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். மகன் உள்ளே இருந்து வந்தான். திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் கையில் ஒரு போன் வாட்ச் இருந்தது. எத்தனை அடி நடந்தோம் என்று சொல்லுமாம்.

"பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டதாச் சொன்னீங்களேண்ணே" என்றாள் அவள்.

"திரும்ப எழுதிக் குடுத்துட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. என் மனைவி சொன்னாள், "பேப்பரும் வேணாம் கீப்பரும் வேணாம்னுட்டு வந்துட்டாரு. தட்ட வாங்குத்தா, கை வலிக்குது."

அவள் வாங்கினாள். தட்டில் புருஷன் பெயர் இருக்கிற பக்கம் அவள் பக்கம் வந்தது. கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டாள்.

பையன் வாட்சை எடுத்துப் பார்த்தான். "மாமா, இதுக்குச் சார்ஜ் எப்படிப் போடுறது?"

"நீ நடந்தா அது ஓடும்."

"தொலைஞ்சா என்ன மாமா செய்யிறது? ரொம்ப வெலைன்னாங்களே."

"தேடணும்."

அவன் சிரித்தான். அப்படியே அவன் அப்பன் சிரிப்பு. நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. அதே கோயில். அதே இடத்தில் நின்று கையை மடக்கிப் படம் எடுத்துக்கொண்டான். போனில் இருந்த அப்பாவின் படத்தைப் போட்டோக்காரரிடம் காட்டி, இதே மாதிரி என்றான். அவன் ஒல்லி இல்லை. வாட்ச் சரியாகப் பொருந்தியது. இருந்தாலும் கைக்குட்டையை மடித்து உள்ளே கொடுத்தான். அவன் அம்மா பந்தலின் பின்பக்கம்தான் நின்றாள். நான் என் இடத்திலிருந்து பார்த்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் வாட்ச் வரவில்லை.

நாலாம் நாளும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்தது இல்லை. மகள் போன் போட்டாள். "வாட்ச் வந்துருச்சாப்பா?" என்றாள். வரும் என்றேன். பாலிசியிலிருந்து எடுத்ததை ஏஜெண்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் கத்தினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் மனைவி, "போயிக் கேக்கவா?" என்றாள்.

"வேணாம்."

"தொலைச்சிட்டுச் சொல்ல முடியாம இருக்காகளோ என்னமோ."

"இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று சொன்னேனே தவிர, தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் வாசலைப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் அவள் வந்தாள். கையில் கைக்குட்டைப் பொட்டலம்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. அவன் மூணாம் நாளே கழட்டிக் குடுத்துட்டான். நாந்தான் வச்சுக்கிட்டேன்."

என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்கார்ந்தாள்.

"எங்க கல்யாணத்தப்ப அவுக மூணு நாளு கட்டியிருந்தாகல்ல. தலைக்கு மேல கைய வச்சுக்கிட்டுத்தான் தூங்குவாக. எங் காதுகிட்டயே ஓடிக்கிட்டுக் கெடக்கும். எனக்குத் தூக்கமே வராது. கழட்டி வைங்கன்னு சொல்லவும் வெக்கம். புதுசுல்ல." அவள் சிரித்தாள். "இப்ப மறுபடி அந்தச் சத்தம் கேட்டுச்சு. சும்மா வச்சா நின்னுருமேன்னு நானே கட்டிக்கிட்டேன். மிஷின்ல தைக்கையில நல்லா ஓடுது. இன்னைக்குக் குடுத்துருவோம், நாளைக்குக் குடுத்துருவோம்னு இருந்துட்டேன்."

பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். பிரித்துக் காதில் வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தை நான் கவனித்துக் கேட்டதில்லை. மெல்லிய சத்தம்.

"நிக்கவே இல்லையா?"

"நிக்க விடலண்ணே."

மறுபடி கைக்குட்டையில் சுற்றி அவள் கையில் வைத்தேன்.

"அங்கிட்டே, ஒன் வீட்டுலயே இருக்கட்டும்."

"ஐயோ, வேணாம்ண்ணே. எம் வீட்டுலயா? கல்யாணத்துக்குக் கேட்டு வர்றவங்க..." அவள் முடிக்கவில்லை.

என் மனைவி முடித்தாள். "வர்றவ வரட்டும். வரப் புடிக்காதவ கடையில வாங்கி மகனுக்குக் கட்டிக்கட்டும்."

அவள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். டீ குடித்தாள். போகும்போது வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் ஆயிற்று. மேலத் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ரிப்பேர் பார்த்து வந்துவிட்டதாமே என்று கேட்டாள். மச்சினன் மகன் கல்யாணப் படத்தைப் பார்த்திருக்கிறாள்.

"வாட்ச் இங்க இல்லைங்க. எம் மச்சினன் வீட்டுல இருக்கு. அவகிட்டக் கேளுங்க" என்றேன்.

"அவங்ககிட்டயா?"

"ஆமா."

"தட்டோடவா?"

"தட்டோடதான்."

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் மனைவியைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிடும். அவள் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். கோயில் முனை வரை மெதுவாகப் போனாள். இந்தப் பக்கம் திரும்பினால் மேலத் தெருவில் அவள் வீடு, அங்கிட்டுத் திரும்பினால் மச்சினன் வீடு. முனையில் நின்றாள். சேலையைச் சரி செய்தாள். தட்டில் பழத்தைச் சரியாக அடுக்கினாள். பிறகு அங்கிட்டுத் திரும்பினாள்.